எரிமலைன்னா முக்கோணமா?

கொஞ்ச நாளா ஆணி அதிகம். இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடந்தது. மறுபடி என்னை இங்கே உட்கார வெச்சது அக்கா பொண்ணோட சமூக அறிவியல் நோட்டு.

"எரிமலையின் படம் வரைந்து பாகங்களைக் குறி." இதுதான் வீட்டுப்பாடம். நம்ம ஆளு ரெண்டு படம் வரைஞ்சிருக்கா. முதல் படம் வழக்கமானது. முக்கோணம், மேல ஓட்டை, ஓட்டையிலிருந்து வழியிற சிவப்பு கிரேயான். ரெண்டாவது படத்துல பக்கமெல்லாம் சுவர் மாதிரி செங்குத்து, மேலே கத்தியால அறுத்து விட்ட மாதிரி தட்டை. கீழே "இதுவும் எரிமலை" என்று எழுதி வேற வெச்சிருக்கா. டீச்சர் அந்தப் படத்து மேல சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டு, "எரிமலையின் உச்சி கூம்பாக இருக்கும்" என்று எழுதி அனுப்பிட்டாங்க.

"மாமா, நீங்க காட்டின மலையைத்தானே வரைஞ்சேன்?" என்று முன்னாடி வந்து நிக்கறா. முந்தின வாரம் நான் கம்ப்யூட்டர்ல ஐஸ்லாந்து மலைப் படங்களைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ பக்கத்துல உட்கார்ந்து கதை கேட்டவ. அடுப்படியிலிருந்து அக்கா, "ஒழுங்கா முக்கோணம் வரைஞ்சிட்டு இருந்த பொண்ணைக் கெடுத்து வெச்சிருக்கியேடா" என்று ஒரு சத்தம்.

டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஒரு கட்டு நோட்டைத் திருத்த வேண்டியவங்க, புத்தகத்துல இருக்கிற படத்தோட ஒப்பிட்டுப் பார்த்து மார்க் போட்டிருக்காங்க. ஆனா குழந்தை வரைஞ்சது சரி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு வந்து உட்காருங்க.

அவ வரைஞ்ச மலையோட பேர் ஹெர்துபிரெய்த். (ஐஸ்லாந்துக்காரங்க சிரிக்கப் போறாங்க. என் நாக்குக்கு இவ்வளவுதான் வருது.) அகன்ற தோள் உடையது என்று அர்த்தம். உயரம் 1682 மீட்டர். சுத்தியிருக்கிற லாவா சமவெளியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தனியா எழும்பி நிக்குது. பேருக்கேத்த மாதிரி தோள் அகலம், அதுக்கு மேல தொப்பி வெச்ச மாதிரி ஒரு சின்ன கூம்பு. அந்த ஊர்ல இதை மலைகளின் ராணின்னு சொல்றாங்க. 2002-ல தேசிய மலையாவும் தேர்ந்தெடுத்தாங்க.

இது எப்படி தட்டையாச்சு? பனியுகத்துல ஐஸ்லாந்து முழுக்க பனிப்பாளம் மூடியிருந்தது. அந்தப் பனிக்கு அடியில, தரையில எரிமலை வாய் திறக்குது. நம்ம கற்பனையில உடனே புகை, நெருப்பு, வாணவேடிக்கை. அங்கே ஒண்ணும் தெரியாது. தலைக்கு மேல நூத்துக்கணக்கான மீட்டர் பனி. ஒரு கன மீட்டர் லாவா முழுசா ஆறினா அதைப் போல பத்து மடங்குக்கும் மேல பனியை உருக்கிடும். அதனால வாயைச் சுத்தி பனிக்குள்ளேயே ஒரு குகை, குகை நிறைய தண்ணி. பனிச்சுவர் கட்டின கிணறுன்னு வெச்சுக்குங்க.

அந்தக் கிணத்தோட அடியில தண்ணியோட அழுத்தம் அதிகம், நீராவி விரியவே முடியாது. அதனால குழம்பு வெடிக்காம, ட்யூபிலிருந்து பேஸ்ட் பிதுங்கற மாதிரி உருண்டை உருண்டையா வந்து குவியும். தலையணை லாவா என்று இதுக்குப் பேர். குவியல் உயர உயர, மேல இருக்கிற தண்ணியோட ஆழம் குறையுது, அழுத்தமும் குறையுது. இப்பதான் ஆட்டம். காய்ஞ்ச எண்ணெயில தண்ணி தெளிச்சா என்ன ஆகும்? அதே கதைதான், ஒரு மலை அளவுல. குழம்பு சுக்கு நூறா வெடிச்சு கண்ணாடித் தூளா, சில்லா மாறி படியுது. அந்தக் கண்ணாடித்தூள் வெந்நீரோட சேர்ந்து கொஞ்ச காலத்துல பழுப்பு நிறப் பாறையா இறுகிடும். ரொம்ப காலம்கூட வேண்டாம். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963-லிருந்து 1967 வரைக்கும் கடலுக்குள்ளேயிருந்து எழும்பின சுர்ட்சே தீவுல, இந்த இறுகல் சில வருஷத்துலயே நடந்ததைப் பார்த்திருக்காங்க.

கடைசியில குவியல் தண்ணி மட்டத்தைத் தாண்டி வெளியே தலை நீட்டுது. அதுக்கப்புறம் வர்ற லாவாவுக்குத் தண்ணித் தொல்லை இல்லை, சாதாரணமா நாலாபக்கமும் பரவி ஓடுது. ஓரத்துக்குப் போனதும் ஏரிக்குள்ளே விழுந்து நொறுங்குது. நொறுங்கினது சரிஞ்சு படிஞ்சு, அதுவே மேடையாகி, அது மேல அடுத்த லாவா கொஞ்சம் தள்ளிப் போய் விழுது. ஆத்து முகத்துல டெல்டா வளர்ற மாதிரி மேடை அகலமாகிக்கிட்டே போகும். பக்கவாட்டுல பனிச்சுவர் அணைகட்டி நிக்கறதால மலை கூம்பா சரியவும் வழியில்லை.

அப்புறம் பனியுகம் முடியுது. பனி போயிடுது, ஏரி போயிடுது, மலை மட்டும் நடுக்காட்டுல மேசை மாதிரி நிக்குது. சுவாமிமலைப் பக்கம் சிலை வார்க்கிறவங்க வார்த்து முடிச்சதும் மண் அச்சை உடைச்சு எடுப்பாங்க இல்லையா? இங்கே அச்சு பனி. அதை யாரும் உடைக்கலை, தானே உருகிப் போச்சு.

ஒரு எச்சரிக்கை. தட்டையா இருக்கிற மலையெல்லாம் இந்த வகை இல்லை. மும்பை பக்கம் ரயில்ல போறப்போ மலைத்தொடர்ச்சியில தட்டைத்தலை குன்றுகள் நிறைய பார்த்திருப்பீங்க. அதுவும் எரிமலைப் பாறைதான், ஆனா தக்காணத்துல கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி படுக்கையா பரவின லாவாவை மழையும் ஆறும் அரிச்சது போக மிச்சம். கேப் டவுன் மேசை மலை மணற்பாறை, எரிமலையே இல்லை. கடலுக்கடியில தட்டைத்தலை எரிமலைகள் இருக்கு, அதெல்லாம் ஒரு காலத்துல அலை அரிச்சு தட்டையானது. அரிச்சு தட்டையாகிறது வேற, வளரும்போதே தட்டையா வளர்றது வேற. நான் உருகிப் போய் நிக்கிறது இந்த ரெண்டாவது ரகத்துக்கு.

இந்த மலைகளைப் பத்திப் படிக்கிறப்போ என் மனசுல ஒட்டிக்கிட்ட விஷயம் இன்னொண்ணு.

1943-ல குட்முண்டூர் கியார்தான்சன் என்கிற ஐஸ்லாந்து புவியியலாளர், தெற்கு ஐஸ்லாந்துல ஆர்னெஸ் மாவட்டத்தோட நிலத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். ஐஸ்லாந்து மொழியில. அந்தப் பக்கத்து பழுப்புப் பாறை மலைகள் பனிக்கு அடியில எரிமலை வெடிச்சு உண்டானவைங்கிற விளக்கம் அதுல இருக்கு. அதுக்கு முன்னாடி, நிலம் வெடிச்சு சுத்துவட்டாரம் கீழே இறங்க, நடுவுல இறங்காம நின்ன பாளம்தான் இந்த மேசை மலைன்னு நினைச்சவங்களும் உண்டு.

1947-ல, அதாவது நாலே வருஷம் கழிச்சு, உலகத்தோட மறுபக்கத்துல, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வடக்குல ஆள் அரவமே இல்லாத இடத்துல சுத்தின வில்லியம் மேத்யூஸ் என்கிற புவியியலாளர், அங்கே இருந்த தட்டைத்தலை மலைகளுக்கு இதே விளக்கத்தைச் சொன்னார். மேலே படுக்கையா லாவா அடுக்கு, கீழே சரிவா படிஞ்ச சில்லுக் கற்கள். பனிப்பாளத்துக்குள்ளே உருகின ஏரி ஒண்ணு இருந்திருந்தாத்தான் இப்படி வரும்ங்கிறது அவரோட வாதம். அந்தப் பக்கத்து டூயா பியூட் என்கிற மலை பேரையே மொத்த வகைக்கும் வெச்சார். அமெரிக்க அறிவியல் சஞ்சிகையில, ஆங்கிலத்துல வந்தது. இன்னைக்கு உலகம் பூரா இந்த மலை வகைக்குப் பேர் டூயா. அண்டார்டிகாவுல இருக்கிற பிரவுன் பிளஃப்பும் டூயா. செவ்வாய் கிரகத்துல தட்டையா ஏதாவது தெரிஞ்சாலும் "இது டூயாவா இருக்குமோ" என்றுதான் ஆராயறாங்க.

இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல வந்தது வயித்தெரிச்சல். முதல்ல சொன்னவர் ஊர் பாஷையில எழுதினதால பேர் போச்சு, நாலு வருஷம் கழிச்சு இங்கிலீஷ்ல எழுதினவருக்குப் பேர் கிடைச்சது. "தமிழ்ல அறிவியல் எழுதி யாருக்குப் பிரயோஜனம்?" என்று நம்மகிட்ட கேக்கற நண்பர்கள் இந்த உதாரணத்தைப் பிடிச்சா விடவே மாட்டாங்க.

ஆனா கொஞ்சம் ஆறப்போட்டு யோசிச்சா கணக்கு வேற மாதிரி வருது. மேத்யூஸ் யாரையும் திருடலை. அவரும் காட்டுல நடந்து, கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் சொன்னார். 1944-லயே அந்தப் பகுதியோட புவியியலைப் பத்தி இன்னொருத்தரோட சேர்ந்து அறிக்கை எழுதினவர். கியார்தான்சனுக்கும் அநியாயம் நடந்ததா சொல்ல முடியாது. இந்தத் துறையில எழுதறவங்க 1943-ஐயும் 1947-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் எழுதறாங்க. அவர் யாருக்கு எழுதினார்? அந்த மலையைத் தினமும் ஜன்னல்ல பார்க்கிற மாவட்டத்து ஜனங்களுக்கு. அவங்க படிச்சாங்க. எழுத்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தாச்சு.

அப்புறம் பாருங்க, பேர் ஒண்ணு போனாலும் மத்ததெல்லாம் எங்கே போச்சு? நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. பனிக்கு அடியிலிருந்து திடீர்னு பாயற வெள்ளத்துக்கு உலகம் பூரா இன்னைக்கும் பேர் யோகுல்லோய்ப், அவங்க சொல். பனிக்குள்ளே நீளமான முகடா வளர்ந்து வெளியே தலை நீட்டாமப் போன எரிமலைக்குப் பேர் டிண்டார், அவங்க சொல். பழுப்புப் பாறைக்கு மோபெர்க் என்கிற சொல்லையும் மத்த நாட்டுக்காரங்க அப்படியே எடுத்துக்கறாங்க. தன் வீட்டு வாசல்ல நடக்கிறதைத் தன் பாஷையில விடாம எழுதி வெச்சவங்ககிட்ட வந்து மத்தவங்க வாங்கிட்டுப் போறாங்க. இதுல நமக்கு என்னன்னு கேட்டா, அந்த நாலு லட்சத்தை நம்ம எண்ணிக்கையோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு நான் பேசாம இருந்துக்கறேன் :-)

ஹெர்துபிரெய்த் மேல முதல்ல ஏறினதா பதிவாகியிருக்கிற கதையும் சொல்லணும். 1907-ல பக்கத்துல இருக்கிற ஆஸ்க்யா எரிமலை ஏரியில ரெண்டு ஜெர்மானியர்கள் காணாமப் போனாங்க. ஒருத்தர் வால்தர் ஃபான் க்னேபல், புவியியலாளர். இன்னொருத்தர் ஓவியர். உடல்கூட கிடைக்கலை. அடுத்த வருஷம் க்னேபலுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண், இனா ஃபான் க்ரும்ப்கோ, தேடிப் பார்க்கிறதுக்காகவே அங்கே வந்தாங்க. கூட வந்தவர் ஹான்ஸ் ரெக் என்கிற இளம் புவியியலாளர். தேடினது கிடைக்கலை. அந்தப் பயணத்துலதான், ஏறவே முடியாதுன்னு சொல்லிக்கிட்டிருந்த ஹெர்துபிரெய்த் மேல ரெக்கும் சிகுர்துர் சுமார்லிதசன் என்கிற உள்ளூர்க்காரரும் ஏறினாங்க. வருஷம் 1908. பிற்பாடு இனாவும் ரெக்கும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்த அம்மா அந்தப் பயணத்தைப் பத்தி ஒரு புத்தகமும் எழுதினாங்க. சொன்னா சினிமாக் கதைம்பீங்க.

சரி, அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். "தட்டையா இருந்தா என்ன, கூரா இருந்தா என்ன? சோறு போடுமா?"

சோறு போடாது. ஆனா 1996-ஐ எடுத்துக்குங்க. செப்டம்பர் கடைசியில ஐஸ்லாந்தின் பெரிய பனிப்பாளமான வாட்னாயோகுல்லுக்கு அடியில ஒரு எரிமலைப் பிளவு திறந்தது. மேல 500 மீட்டருக்கும் அதிகமான பனி. புத்தகத்துல இருந்த கதை கண் முன்னாடி நடக்குது. விமானத்துல பறந்து பார்த்தாங்க. பனியோட மேல்பரப்பு கிண்ணம் கிண்ணமா குழிஞ்சது. ஒண்ணேகால் நாள்ல பனியைத் துளைச்சு புகை வெளியே வந்தது. ரெண்டு வாரத்துல வெடிப்பு அடங்கிடுச்சு. பிறகு பார்த்தா பனிக்கு அடியில ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுசா ஒரு முகடு. பேர் கியால்ப். தண்ணி அங்கேயே ஏரியா தேங்கி நிக்காம அடியிலயே ஓடிப் போனதால அது மேசை மலையா ஆகலை, முகடாவே நின்னுடுச்சு.

ஓடின தண்ணி எங்கே போச்சு? பக்கத்துல கிரிம்ஸ்வோட்ன் என்கிற எரிமலைப் பள்ளம், அதுக்குள்ளே பனி மூடின ஏரி. அங்கே போய் நிரம்பிக்கிட்டிருந்தது. கீழே கடற்கரைச் சமவெளியில நாட்டைச் சுத்திப் போற ஒரே நெடுஞ்சாலை, பாலங்கள். எரிமலை அணைஞ்சாச்சு, புகை இல்லை, டிவிக்குக் காட்ட ஒண்ணும் இல்லை. ஆனா தண்ணி எங்கே இருக்கு, எந்தப் பக்கமா வரும்னு தெரிஞ்சவங்க இருந்தாங்க. எச்சரிச்சுட்டுக் காத்திருந்தாங்க. ஒரு மாசத்துக்கு மேல. நவம்பர் 5 காலையில வெள்ளம் வந்தது. உச்சத்துல நொடிக்கு சுமார் 45,000 கன மீட்டர் தண்ணி, கூடவே வீடு வீடா பனிக்கட்டிகள். கியூக்யுக்விஸ்ல் பாலம் மொத்தமா போச்சு, ஸ்கெய்தாரா பாலத்துல ஒரு பகுதி போச்சு. உயிர்ச்சேதம் ஒண்ணுகூட இல்லை. முறுங்கிப் போன இரும்பு உத்திரங்களைச் சாலையோரம் நினைவுச்சின்னமா வெச்சிருக்காங்க.

இது அதிர்ஷ்டம் இல்லைங்க. பனிக்கு அடியில லாவா என்ன பண்ணும், தண்ணி எங்கே சேரும், எப்ப உடைக்கும்னு கல்லைப் பார்த்து, பழைய வெள்ளங்களைப் பார்த்து யோசிச்ச தலைமுறைகள் இருந்தாங்க. சோறு போடாத அறிவு ஆளைக் காப்பாத்தும் அக்கா. (அவ இதைப் படிக்க மாட்டா, தைரியமா எழுதறேன்.)

இந்த மலைகளுக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. தண்ணிக்கு அடியில நொறுங்கின சில்லு எங்கே முடியுதோ, மேலே ஓடின லாவா எங்கே தொடங்குதோ, அந்தக் கோடுதான் அந்தக் காலத்து ஏரி மட்டம். ஏரியைத் தாங்கணும்னா சுத்தியிருந்த பனி குறைஞ்சது அந்த உயரமாவது இருந்திருக்கணும். ஆக, மலையிலேயே பனியோட உயரம் கோடு போட்டு வெச்சிருக்கு, வெள்ளம் வடிஞ்ச வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கறை மாதிரி. பனி தடயமே இல்லாம போன இடத்துல அது எவ்வளவு கனமா இருந்ததுன்னு அளக்க இதைவிட நேரடியான அளவுகோல் ரொம்பக் கம்மி.

இதை வெச்சே "பாருங்க, பனி அப்பவே உருகியிருக்கு, இப்ப உருகினா என்ன?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்களுக்கு ரெண்டு தகவல். பனியுகம் முடிஞ்சு மேல இருந்த பாரம் விலகினப்போ, அடியில அழுத்தம் குறைஞ்சு பாறை அதிகமா உருகி, ஐஸ்லாந்துல எரிமலை வெடிப்பு பல மடங்கு கூடிச்சு. பனி சும்மா கிளம்பிப் போகலை. இப்பவும் அங்கே பனிப்பாளம் மெலிய மெலிய, பாரம் குறைஞ்ச நிலம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் உயர்ந்துக்கிட்டிருக்கு. ரெண்டாவது, அந்த 1996 வெள்ளத்துல அடிபட்ட ஸ்கெய்தாரா பாலத்தைச் சரி பண்ணி நிறுத்தினாங்களே, அப்போ ஐஸ்லாந்துலயே நீளமான பாலமா இருந்தது. பனியாறு பின்வாங்கினதால 2009-ல ஆறே தடம் மாறி பக்கத்து ஆத்தோட போய்ச் சேர்ந்துடுச்சு. கோடி கோடியா செலவழிச்சு கட்டின பாலம், கீழே ஆறு இல்லை. நூத்துக்கணக்கான வருஷம் இல்லை, ஒரே தலைமுறையில.

இனிமே இந்த மாதிரி மேசை மலை உண்டாகுமான்னு கேட்டா, கனமான பனியும் அதுக்கு அடியில எரிமலையும் சேர்ந்து இருக்கிற வரைக்கும் உண்டாகலாம். பனி மெலிஞ்சா எரிமலை சீக்கிரமே துளைச்சுக்கிட்டு வெளியே வந்து சாம்பலைத்தான் துப்பும். 2010-ல ஐரோப்பாவோட விமானங்களையெல்லாம் தரையில உட்கார வெச்ச ஏயாஃபியாட்லயோகுல் ஞாபகம் இருக்குமே.

கடைசியா பேர் பிரச்சனை. தமிழ்ல இதை என்னன்னு சொல்றது? "மேசை மலை"ன்னா கேப் டவுனோட குழம்பும். "பனியடி எரிமலை" நல்லாத்தான் இருக்கு, ஆனா முகடா நின்னுபோன கியால்ப்பும் பனியடி எரிமலைதானே? தட்டைங்கிற விஷயம் அதுல வரலை. "பனிவார்ப்பு மலை"ன்னு ஒண்ணு எனக்குத் தோணிச்சு, எனக்கே கொஞ்சம் கவிதைத்தனமா படுது. அதுவரைக்கும் "டூயா"வே இருக்கட்டும், ரெண்டே எழுத்து, நாக்குல சுளுவா உக்காருது. கலைச்சொல் ஆர்வலர்கள் யாராவது இதைவிட நல்லதா வெச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கண்டிப்பா மாத்திக்கறேன்.

நோட்டு விஷயம்? டீச்சருக்கு நான் ஒரு கடுதாசி எழுதித் தர்றேன்னு சொன்னேன். மருமக வேண்டாம்னுட்டா. "நானே சொல்லிக்கறேன் மாமா" என்று ஹெர்துபிரெய்த் படத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னா. கலர்ல.